கிரேன் போகாத தீவில் எஞ்சின் வீடு

முப்பத்தொரு வருடம் வளைகுடாவில் ரிக்கராக வேலை பார்த்தேன். ஊரில் இதைச் சொன்னால் கிரேன் ஓட்டினேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவன் வேறு ஆள். தூக்க வேண்டிய பொருள் எவ்வளவு எடை, எந்த இடத்தில் வயரைக் கட்டினால் சாயாமல் எழும்பும், எழும்பினால் எந்தப் பக்கம் ஆடும், அந்த நேரத்தில் யார் எங்கே நிற்கக்கூடாது, இதையெல்லாம் பார்த்துவிட்டு விசில் ஊதிக் கையைக் காட்டுகிறவன்தான் ரிக்கர். கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பல நேரம் பாரமே கண்ணில் படாது. என் கைதான் அவனுக்குக் கண்.

போன மாதம் என் பழைய கம்பெனியின் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். இப்போது வருகிற கிரேன்களில் கம்ப்யூட்டரே எடையைச் சொல்லிவிடுகிறதாம். அதிகமானால் தானே நின்றுவிடுகிறதாம். புதிதாகச் சேருகிறவர்கள் திரையை மட்டும் பார்க்கிறார்கள், பாரத்தைப் பார்ப்பதில்லை என்றார். "தீவுல அந்த எஞ்சின் வீட்டு வேலை செஞ்சீங்கல்ல சார், அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. நீண்டதை இங்கே தருகிறேன்.

வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஹெல்ப்பராகப் போனேன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் ரூம். மூன்று வருடம் பாரத்தைக் கட்டும் ஸ்லிங் வயர்களும் அவற்றைக் கோக்கும் ஷாக்கிள் வளையங்களும் தூக்கித் தோள் காய்த்துப்போனது. எங்கள் ஃபோர்மேன் குல் கான், பெஷாவர் ஆள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தப் பாரமாக இருந்தாலும் முதலில் நான்கு விரல் உயரம்தான் தூக்குவார். "சார் உங்லி. பஸ்." நான்கு விரல், போதும். அங்கேயே நிறுத்திவிட்டுப் பாரத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஒவ்வொரு முடிச்சையும் கையால் தொடுவார். திரும்பி வந்து எங்கள் முகங்களை ஒருமுறை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மேலே. இருபது நிமிட வேலைக்கு இது ஐந்து நிமிடம் பிடிக்கும். எஞ்சினியர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவர் கவலைப்பட்டதில்லை.

கான் லீவில் போயிருந்த ஒரு வாரம் விசிலை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு கிடங்கு கட்டும் சைட். இரும்பு உத்திரம் ஒன்றை ஏற்ற வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. மேலே நின்ற எஞ்சினியர், "யல்லா, யல்லா, க்யா தேக் ரஹா ஹை?" என்று கத்தினார். சீக்கிரம், என்ன வேடிக்கை பார்க்கிறாய் என்று அர்த்தம். நான் நான்கு விரலில் நிறுத்தவில்லை. ஒரே மூச்சில் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஒரு பக்க ஸ்லிங் வழுக்கியது. உத்திரம் திரும்பி வந்து இஸ்மாயிலின் இடது கையைத் தூணோடு சேர்த்து நசுக்கியது.

இஸ்மாயில் ராமநாதபுரத்துப் பையன். என்னைவிட நான்கு வயது சின்னவன். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் நான் அவன் கட்டிலருகே தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். "அந்தாளு கத்துனா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?" என்றான் அவன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். எனக்கோ அதுதான் பெரிய அடி. அந்தாள் கத்தட்டும், விசில் என் வாயில் அல்லவா இருந்தது?

அதற்குப் பிறகு விசில் என்னிடம் இருந்த எந்த வேலையிலும் ஒருவருக்கும் காயம் ஏற்பட்டதில்லை. கோபுரங்கள், எண்ணெய் ஆலைகள், கடலுக்குள் இருக்கிற மேடைகள் என்று எல்லா இடத்திலும் வேலை பார்த்தேன். இஸ்மாயில் என் கூடவே இருந்தான். எட்டு விரல்களோடு அவன் போட்ட முடிச்சைப் பத்து விரல்காரர்கள் போட்டு நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் வர்கீஸ் சார் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"பழனி, ஒரு தீவு. கிரேன் போகாது. எஞ்சின் ஒண்ணு தூக்கணும். பற்றுமோ? முடியுமா?"

"கிரேன் ஏன் சார் போகாது?"

"தரைக்குக் கீழ பொந்து. பழைய மைன் ஆணு."

கரையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம். அந்தக் காலத்தில் அங்கே செங்காவியைத் தோண்டியிருக்கிறார்கள். இரும்புத் துருவேறிய சிவப்பு மண். பெயின்ட் செய்வதற்காகக் கப்பலில் போகுமாம். சுரங்கம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மலைச்சரிவில் சுரங்க வாய்கள் மட்டும் திறந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு சதுரக் கட்டடம். மண் வண்டிகளைச் சுரங்கத்திலிருந்து இழுத்துத் துறைக்கு இறக்கிவிடும் எஞ்சின் அதற்குள்தான் இருந்தது. 'பைத் மகீனா' என்பார்கள் அந்தப் பக்கத்து அரபிகள். மெஷின் வீடு.

உள்ளே போய் நின்றேன். கூரையில் பாதி இல்லை. ஆள் உயரத்தையும் தாண்டிய ஒரு வார்ப்பிரும்புச் சக்கரம், அதன் அச்சு, படுத்த வாக்கில் ஒரு பெரிய சிலிண்டர், எல்லாமே சிவப்புத் தூசி மூடிக் கிடந்தன. மூன்று ஆட்களை வரிசையாகப் படுக்க வைத்த நீளம் இருக்கும். அது உட்கார்ந்திருந்த கல் மேடையை உப்பு அரித்துவிட்டிருந்தது. விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மேடையைப் புதிதாகக் கட்டி, பழைய இடத்திலேயே இம்மி பிசகாமல் திரும்ப உட்கார வைக்க வேண்டும். இதுதான் வேலை. துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஒட்டிவிடலாம் என்று முதலில் ஒரு திட்டம் இருந்ததாம். "வெட்டினா அப்புறம் அது எஞ்சின் இல்ல, பழைய இரும்பு" என்று சொல்லி அதை நிறுத்தியவர் அந்த நாட்டுப் பெண். அரசுப் பக்கத்து எஞ்சினியர் மர்யம்.

மர்யம் மேடத்துக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அபாயா என்கிற கறுப்பு அங்கிக்குக் கீழே சேஃப்டி ஷூ. கையில் ஒரு தடித்த நோட்டு. சின்ன வயதில் வீட்டில் வேலை செய்தவர்களிடம் கற்றுக்கொண்ட இந்தி தண்ணீராக ஓடும். எங்களிடம் அதில்தான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும்.

"எப்படித் தெரியும்?"

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "இது ஆறரை டன் வரும் மேடம்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"அனுபவம் மேடம்."

"அனுபவம் பதில் இல்ல. அந்த அனுபவம் எதைப் பார்த்துச்சுன்னு சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. டேப்பை எடுத்துச் சக்கரத்தின் விளிம்பு, ஆரங்கள், எஞ்சினின் அடிச்சட்டமான படுகை எல்லாவற்றையும் அளந்தேன். ஒரு கன அடி வார்ப்பிரும்பு எவ்வளவு எடை என்று எனக்குத் தெரியும். பெருக்கிக் கூட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவரும் தனியாகக் கணக்குப் போட்டார். மறுநாள் என் தாளைக் கொண்டுவந்து ஓரிடத்தில் விரல் வைத்தார். "சக்கரத்தோட நடுக் குடத்தை விட்டுட்டீங்க." விட்டுத்தான் இருந்தேன். இருநூறு கிலோ. அதைச் சேர்த்தால்தான் ஆறரை டன் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எனக்குக் கசக்கவில்லை. இது கான் சாப் சுற்றி நடந்த நடைதான், இந்த அம்மா வாயால் நடக்கிறார் என்று இஸ்மாயிலிடம் சொன்னேன்.

எஞ்சினுக்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. கடப்பாறையால் அடிக்கு ஓர் இடம் தட்டிக்கொண்டே போனோம். கெட்டிப் பாறையில் கடப்பாறை கிண்ணென்று கைக்குத் திரும்பும். பொந்துக்கு மேலே என்றால் தொம்மென்று உள்ளே போகும். கெட்டியான இடத்துக்கு வெள்ளைச் சாக்பீஸ், பொந்துக்கு நீலம். மூன்றாம் நாள் முடிவில் கட்டடத்தைச் சுற்றி ஒரு படமே வந்துவிட்டது. வடக்குச் சுவருக்கு அடியில் ஒரு சுரங்க வழி குறுக்கே ஓடியது. மேடம் ஏதோ ஒரு கருவி வைத்துத் தரையை ஸ்கேன் எடுக்க வைத்தார். நீலக்கோடு ஓரிடத்தில் மட்டும் ஒரு முழம் தள்ளியிருந்தது. மற்றபடி சரி. நோட்டில் குறித்துக்கொண்டார். நன்றாகச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கெட்டி இடங்களில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் இரும்புக் கால்கள் ஊன்றி, கட்டடத்தின் உடைந்த கூரை வழியாக ஒரு கேன்ட்ரி நிறுத்தினோம். வாசல் நிலை மாதிரி இரண்டு பக்கம் கால், மேலே ஓர் உத்திரம். சுவர்கள் மேல் ஒரு கிலோ பாரம்கூட விழக்கூடாது என்பது மேடத்தின் கட்டளை. உத்திரத்தில் இரண்டு செயின் பிளாக். கையால் சங்கிலியை இழுக்க இழுக்கப் பாரம் இழை இழையாக எழும்பும். ஒன்று சிலிண்டர் பக்கத்துக்கு, ஒன்று சக்கரத்தின் பக்கத்துக்கு. இரண்டிலும் எடை காட்டுகிற மீட்டர்.

எஞ்சினை மேடையோடு பிடித்து வைத்திருந்த போல்ட்டுகள் ஆறு. ஒன்பது நாள் டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊற வைத்து, நேபாளத்துக்காரன் தமாங் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தான். ஆறாவது வந்ததும் அதைக் குழந்தையைத் தூக்கிக் காட்டுவதுபோல எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

தூக்குகிற நாள் வந்தது. கேன்ட்ரி வாடகைக்கு எடுத்தது. அதைத் திருப்பி ஏற்றிப்போக அடுத்த நாள் மதியம் ஒரு தட்டையான படகு வரும். கடலில் பெரிய டைடு, அதாவது நீர் ஏற்றம், இருந்தால்தான் அந்தப் படகு தீவில் கரை ஒட்டும். விட்டால் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்கு நடுவே ஷமால் என்கிற வடக்குப் புழுதிக்காற்று வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். வர்கீஸ் சார் விடியற்காலையிலிருந்து கடலையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வட்டம் போட்டேன். சிலிண்டர் சங்கிலியில் தமாங், சக்கரச் சங்கிலியில் இஸ்மாயில், மூலைக்கு ஓர் ஆள். என் விசிலைத் தவிர வேறு யார் சத்தமும் கணக்கில்லை என்று மூன்று பாஷையில் சொன்னேன். ஊதினேன்.

சங்கிலி விறைத்தது. மீட்டர் ஏறத் தொடங்கியது. என் கணக்குப்படி சிலிண்டர் பக்கம் மூன்று டன், சக்கரப் பக்கம் மூன்றரை. சிலிண்டர் பக்கம் மூன்றுக்கு வந்ததும் படுகைக்குக் கீழே ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. எழும்பிவிட்டது. சக்கரப் பக்கம் மூன்றரை ஆயிற்று. அசையவில்லை. நான்கு. நான்கரை. ஐந்து. மீட்டர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, இரும்பு அப்படியே இருந்தது.

நீளமாக ஊதினேன். எல்லாக் கையும் நின்றது.

"எந்தா பழனி?" வர்கீஸ் சார் வாசலில் நின்று கேட்டார்.

"எதோ பிடிச்சிட்டு இருக்கு சார்."

"துருவாயிருக்கும். நூறு வருஷத்துத் துரு. இன்னும் கொஞ்சம் இழு, விட்டுத் தரும்."

"துரு இல்ல சார்."

"பிளாக் பத்து டன் தாங்கும். அஞ்சுக்கே நிறுத்தினா எப்படி? டைடு போகும் கேட்டோ? யல்லா, யல்லா!"

அன்று அந்த எஞ்சினியர் கத்திய அதே வார்த்தை. இஸ்மாயில் சங்கிலியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். அவனுடைய இடது கை என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"இழுக்க மாட்டேன் சார். இழுக்கணும்னா விசில வேற யார்கிட்டயாவது குடுங்க" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேனேஜரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மூலையில் நின்றிருந்த மேடம் நோட்டை மூடினார். "பழனி, துரு இல்லன்னு எப்படித் தெரியும்?"

"துருவா இருந்தா விடும்போது சத்தம் குடுக்கும் மேடம். கறுக் கறுக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா விடும். இங்க சத்தமே இல்ல. அப்புறம், துரு எல்லாப் பக்கமும் பிடிக்கும். இது ஒரே இடத்துல பிடிக்குது. சிலிண்டர் பக்கம் எழும்பியாச்சு, பாருங்க. இன்னும் இழுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும். பிடிச்சிருக்கிறது பட்டுனு விட்டா மொத்த எஞ்சினும் குதிச்சுச் சுவருல மோதும். விடலன்னா படுகை உடையும். வார்ப்பிரும்பு வளைஞ்சு காட்டிட்டு உடையாது மேடம். சொல்லாம உடையும்."

"எது பிடிச்சிருக்கு?"

"தெரியல."

"கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதுவும் தெரியல மேடம்."

அவர் வர்கீஸ் சாரிடம் திரும்பினார். "இறக்கிடுங்க. படகு போனா போகட்டும்."

இறக்கினோம். வர்கீஸ் சார் வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றார்.

அன்று முழுக்கத் தேடினோம். சக்கரத்துக்குக் கீழே இருந்த குழியில் இறங்கிக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் காலையில் மேடம்தான் கண்டுபிடித்தார். கல் மேடையின் பக்கவாட்டில், தரையோடு ஒட்டி, இரண்டடிச் சதுரத்துக்கு மட்டும் பூச்சின் நிறம் வேறாக இருந்தது. "எல்லா இடமும் சுண்ணாம்பு. இங்க மட்டும் ஏன் சிமென்ட்?" என்றார். உளி வைத்துத் தட்டினேன். பூச்சு பெயர்ந்தது. பின்னால் கற்களைத் திணித்திருந்தார்கள். அவற்றை எடுத்தால் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு வழி. மேடைக்கு அடியில் போகிறது.

டார்ச் அடித்தேன். ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் மேலேயிருந்து ஒரு போல்ட் இறங்கியிருந்தது. ஏழாவது. கீழ் முனையில் துளை போட்டு, அதில் குறுக்கே ஓர் இரும்பு ஆப்பு அடித்திருந்தார்கள். மேல் தலை அச்சின் பேரிங் பெட்டிக்குள் இருந்ததால் வெளியே தெரியவே இல்லை. சுரங்கம் நடந்த காலத்தில் எப்போதோ பழுது பார்த்தவர்கள் கூடுதல் பிடிமானத்துக்கு வைத்துவிட்டு, வாயைப் பூசியும் விட்டார்கள். அந்த ஆப்பைத் தட்டி எடுத்தால் போதும். ஆனால் யாராவது உள்ளே போக வேண்டும். மேலே ஆறரை டன். அதைத் தாங்கியிருப்பது விரலுக்கே உதிர்கிற கல்.

தொங்கும் பாரத்துக்குக் கீழே ஆள் போகக்கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் சட்டம். ஆகவே முதலில் அது பாரமாகவே இருக்கக்கூடாது. உதிர்கிற கல்லைக் குடைந்து வழிசெய்து, படுகைக்கு அடியில் குறுக்கே இரண்டு இரும்பு உத்திரங்களை நுழைத்தோம். உத்திர முனைகள் ஒவ்வொன்றுக்கும் கீழே, மேடைக்கு வெளியே, கெட்டித் தரையில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். கடைசி இடைவெளியில் ஆப்பு போன்ற மரச் சக்கைகளை அடித்து இறுக்கினோம். மேடையே நொறுங்கிப் போனாலும் எஞ்சின் கட்டைகள் மேல் நிற்கும். செயின் பிளாக் இரண்டையும் விறைப்பாக விட்டேன், அது இன்னொரு பிடி. இதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த நாள் காலை மேடம் கேட்டார்.

"யார் உள்ள போறது?"

"நான்."

"ஏன் நீங்க?"

"இருக்கிறதுல ஒல்லி நான்தான் மேடம். கட்டை அடுக்கினதும் நான். சரியா அடுக்கலன்னா அடுத்தவன் ஏன் உள்ள இருக்கணும்?"

அந்தத் தடவை 'எப்படித் தெரியும்' வரவில்லை. என் இடுப்பில் கயிறு கட்டிய இஸ்மாயில் முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். "பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கீகண்ணே" என்று முணுமுணுத்தான். "அதுக்குத்தானடா ஒழுங்கா கட்டை அடுக்குனேன்" என்றேன்.

வயிற்றால் நகர்ந்து உள்ளே போனேன். வாயிலும் மூக்கிலும் செங்காவி. சுத்தியலைத் தலைக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஆப்புக்குக் கை எட்டியது. படுத்த நிலையில் அரைக் கை வீச்சுதான் கிடைத்தது. முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் ஆப்பு அசையவில்லை, மேடை அசைந்தது.

பொலபொலவென்று கற்கள் சரிகிற சத்தம். உடனே தலைக்கு மேல் டொம்மென்று ஒன்று. எஞ்சின் இறங்கிவிட்டது. ஒரு நூல் அளவுதான் இறங்கியிருக்கும். ஆறரை டன் ஒரு நூல் இறங்கினால் உடம்பில் இருக்கிற எலும்பெல்லாம் எண்ணிக் காட்டும். டார்ச் வெளிச்சத்தில் சிவப்புத் தூசி தவிர ஒன்றும் தெரியவில்லை. மூச்சு விட்டேன். மூச்சு வந்தது. அப்போதுதான் உயிரோடு இருக்கிறேன் என்று புரிந்தது.

"அண்ணே! பழனிண்ணே!" என்று இஸ்மாயில் வெளியே அலறினான். கயிறு இடுப்பை அறுத்தது.

"இழுக்காதடா! இருக்கேன்!" என்று கத்தினேன். பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தேன். இஸ்மாயில் என்னைப் பிடித்து உட்காரவைத்து முகத்தைத் துடைத்தான். தண்ணீர் கொடுத்தான். பாதி சட்டையில் கொட்டியது.

மேடத்தின் முகம் வெளுத்திருந்தது. "போதும் பழனி. நிறுத்திடலாம். வேற வழி பார்ப்போம்."

"இப்பத்தான் மேடம் பத்திரம்" என்றேன்.

வெளுத்த முகத்தோடுதான் கேட்டார். "எப்படித் தெரியும்?"

"இறங்க வேண்டியது இறங்கி முடிஞ்சாச்சு. இப்ப மொத்தமும் கட்டை மேல உட்கார்ந்திருக்கு. உங்க நோட்டுல ஒரு தாள் கிழிச்சுக் குடுங்க."

அந்தத் தாளை ஓர் உத்திரத்துக்கும் சக்கைக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. அவர் என் கையிலிருந்து தாளை வாங்கினார். நான்கு மூலைகளுக்கும் அவரே போய், மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கையிலும் நுழைத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் தாள் போகவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி" என்றார். அவ்வளவுதான்.

திரும்ப உள்ளே போனேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். சுத்தியலால் ஐந்து அடி. ஆப்பு தெறித்துக் கன்னத்தில் பட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆப்பைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன்.

தட்டையான படகு முந்தின நாளே வந்து, வெறுமனே திரும்பிப் போயிருந்தது. அவசரம் இல்லை என்று ஆகிவிட்டதால் அன்று யாரையும் அவசரப்படுத்தவும் இல்லை. மறுநாள் காலை தூக்கினோம். சிலிண்டர் பக்கம் மூன்று, சக்கரப் பக்கம் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. நூல் பிடித்ததுபோல எஞ்சின் மேலே வந்தது. நான்கு விரல் உயரத்தில் நிறுத்தி, சுற்றி நடந்தேன். எனக்குப் பின்னால் மேடமும் நடந்தார்.

உருளைகள் மேல் வெளியே நகர்த்தி, கூடாரத்துக்கு அடியில் வைத்து, தண்ணீர் அடித்துக் கழுவியபோது சக்கரப் பக்கத்துப் பேரிங் பெட்டிக்குக் கீழே ஒரு விரிசல் தெரிந்தது. பழைய விரிசல். குறுக்கே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த ஏழாவது போல்ட் எதற்கு வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஐந்து டன்னுக்கு மேல் இழுத்திருந்தால் அந்த இடத்தில்தான் போயிருக்கும். சக்கரம் கழன்று இஸ்மாயில் நின்ற பக்கமாகத்தான் விழுந்திருக்கும்.

வர்கீஸ் சார் அந்த விரிசலில் விரலை வைத்து மேலும் கீழும் தடவினார். பிறகு ஆட்கள் எல்லோரும் நிற்கும்போதே என்னிடம் வந்தார். "நான் இழுக்கான் பறஞ்ஞது தப்பு பழனி. நீ கேட்காதது நல்லது." ஒரு மேனேஜர் ஆட்களுக்கு முன்னால் அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். ஷமால் அடித்த நாட்களில் அவர் எங்களோடு போர்ட்டா கேபின் தகர அறையில் உட்கார்ந்து சீட்டாடினார்.

கொத்தனார்கள் மேடையைக் கட்டிக் காய வைக்க ஏழு வாரம் ஆயிற்று. எஞ்சினைத் திரும்ப உட்கார வைக்க இன்னும் ஐந்து நாள். அச்சு மட்டமாக இருக்க வேண்டும். மெல்லிய தகடுகளை ஒன்றுக்குப் பதில் ஒன்று மாற்றி, இறுக்கி, தளர்த்தி, மறுபடி பார்த்தோம். ஐந்தாம் நாள் மதியம் ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது.

மேடம் சக்கரத்தின் முன்னால் வந்து நின்றார். கையுறையைக் கழற்றினார். ஓர் உள்ளங்கையை விளிம்பில் வைத்து லேசாகத் தள்ளினார். சுரங்கம் மூடிய நாளிலிருந்து நகராத சக்கரம் மெல்ல அசைந்தது, பிறகு சுற்றியது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் பாதி. முனகலோ உரசலோ கிடையாது. எண்ணெய் நகர்கிற சத்தம்தான் கேட்டது. தமாங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் தலைநகரிலிருந்து ஆறேழு பேர் வேலையைப் பார்வையிட வந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் இருந்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு அந்த வெள்ளைக்காரர் வெளியே வந்து தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே கட்டடத்தை ஒரு சுற்று வந்தார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. கிரேன் நின்ற தடம் எங்கே என்று மேடத்திடம் கேட்டார்.

நாங்கள் சுவர் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். மேடம் கையை நீட்டி எங்களைக் காட்டினார். "அங்க உட்கார்ந்து டீ குடிக்குது" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததும் அந்த ஒரு முறைதான்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். இஸ்மாயில் பதறி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, நம்மளத்தான் காட்டுறாக. எந்திரிக்கணுமோ?"

"உட்காருடா. டீயக் குடி" என்றேன்.